நூத்தம்பது நானோ செகண்ட்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதல்லயே சொல்லிருதேன், பெறகு யாரும் குறை சொல்லக் கூடாது. எதிராளி கேள்வியை முடிக்கதுக்குள்ள நான் பதிலைச் சொல்லி முடிச்சிருவேன். பஸ் நிக்கதுக்கு முந்தியே கீழ்ப்படிக்கு வந்து நிப்பேன். "ஏட்டி, கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டா நிக்க?"ன்னு எங்க அண்ணன் நான் பாவாடை கட்டுன வயசுல இருந்து கேக்கான். இப்ப எனக்கு நாப்பத்தாறு. இன்னும் கேக்கான்.

இந்தக் குணத்தை வச்சிக்கிட்டு நான் பாக்குத வேலை எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர். சிரிக்காதீங்க. பாலிடெக்னிக்ல டிப்ளமா முடிச்சேன், ஒரு நூல் மில்லுல கொஞ்ச நாள் இருந்தேன், மேனேஜரோட சண்டை போட்டு வெளிய வந்தேன், கோவில்பட்டியில சொந்த வீட்டு மாடியிலயே கடையைப் போட்டேன். சுத்துப்பட்டு மில்லுல எந்த மெஷின் நின்னாலும் அதுக்குள்ள இருக்க பச்சைப் பலகை எங்கிட்டதான் வரும். பக்கத்துல கடலைமிட்டாய் போடுத இடம். அவிய பாகு காய்ச்ச ஆரம்பிச்சா என் மாடியில ஈய வாசனையும் வெல்ல வாசனையும் சேந்து அடிக்கும். இத்தனை வருசமா மோந்து மோந்து இப்ப ஈயம் உருகுனாலே எனக்குப் பசிக்கு.

கோவம் இருக்க அளவுக்கு எனக்கு இன்னொண்ணும் உண்டு. ஒரு சாமான் ஏன் இப்படிச் செய்யுதுன்னு தெரியலைன்னா சோறு இறங்காது. அது மட்டும் இல்லைன்னா இந்த வாய்க்கு நான் என்னைக்கோ கடையை மூடிருக்கணும்.

போன ஆவணிக் கடைசியில எங்க அய்யா நிலத்துல விழுந்துட்டாவ. புதூர்ப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் கரிசல். கிணறு கிடையாது, வானத்தை நம்புன பூமி. அம்மா போன பெறகும் அய்யா ஊர்லயே தனியா இருந்து வெள்ளாமை பாத்தாவ. அன்னைக்கு ஆடு மேய்ச்ச ஒருத்தர் வரப்புல கெடந்தவியளைப் பாத்துட்டு எனக்குப் போன் போட்டாரு. வாதம். வலக் கையும் வலக் காலும் விழுந்துருச்சு, பேச்சும் குழறிப்போச்சு. ஆஸ்பத்திரியில ரெண்டு வாரம் வச்சிருந்து அனுப்பிட்டாவ. "மூளையிலயும் அடி இருக்கு. தெளிவு வரலாம், வராமலும் போகலாம்"னு டாக்டர் சொன்னாவ. கீழ் அறையில கட்டிலைப் போட்டு அய்யாவை நான் வச்சிக்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரு, அதனால நானும் அய்யாவுமா இருந்தோம்.

அண்ணன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். ஒரு வாரம் லீவு போட்டு வந்தான். வந்தவன் சும்மா வரல. எங்க ஊர்ப்பக்கம் சோலார் கம்பெனிக்காரங்க நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு அலையுதாங்க. முப்பது வருச ஒப்பந்தம். எங்க நிலத்துக்கு மேற்கேயும் கிழக்கேயும் ஏற்கனவே கம்பி வேலி வந்துருச்சு. அண்ணன் அவங்க ஆளுகிட்டப் பேசி முடிச்சிட்டான். வெள்ளிக்கிழமை அய்யாகிட்டக் கைநாட்டு வாங்கிட்டா, திங்கக்கிழமை மண்ணள்ளுத மெஷின் இறங்கி நிலத்தை நெரவ ஆரம்பிச்சிரும்.

"அய்யா கையெழுத்துப் போடுத ஆளாச்சே, கைநாட்டா?"ன்னு கேட்டேன்.

"கை எங்க தூக்குது? நிலம் சும்மாதான கெடக்கு? அவியளைப் பாத்துக்கிட நமக்கும் ஒரு தெம்பு வேண்டாமா?"ன்னான்.

அண்ணன் கெட்டவன் இல்ல. அதையும் சொல்லிருதேன். அய்யாவுக்குத் தெளிவு இருந்தா அவிய சொல்லுதபடி, இல்லைன்னா நாம ரெண்டு பேரும் முடிவு பண்ணுதபடி, அப்படித்தான் பேசிக்கிட்டோம். அதுல எனக்கும் தப்பாத் தெரியல.

ஞாயித்துக்கிழமை அய்யாவைத் தலகாணியில சாய்ச்சு உக்கார வச்சோம். நாளைக்குச் சொந்தக்காரங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுல்லா, அதனால அண்ணன் செல்போன்ல வீடியோ எடுத்தான். கேள்வி கேட்டது நான்.

"அய்யா, உங்க பேரு என்ன?"

அய்யா என் முகத்தையே பாத்தாவ. வாய் லேசா அசைஞ்சுது, ஒண்ணும் வரல.

"சரி, இது எந்த ஊரு?"

அய்யா தன் பேரைச் சொன்னாவ. அண்ணன் உச்சுக் கொட்டினான்.

"உங்களுக்குப் பிள்ளைய எத்தனை?"

"கோ... வில்பட்டி."

"இப்ப என்ன மாசம்? தமிழ் மாசம் சொல்லுங்க."

"ரெண்டு."

எனக்குக் கோவந்தான் வந்துச்சு. எனக்கு அழுகைகூடக் கோவமாத்தான் வரும். குரலை உசத்திக் கேட்டேன்.

"நம்ம நிலம் எத்தனை ஏக்கர்?"

"பொரட்டாசி."

"விடு, விடு. முக்கியமானதைக் கேளு"ன்னான் அண்ணன்.

"அய்யா, நிலத்தைச் சோலார்க்காரனுக்குக் குடுத்துருவமா?"

"ஆறு"ன்னாவ அய்யா.

அண்ணன் நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சான். "பாத்தியா? போச்சு. எல்லாம் போச்சு"ன்னான். நான் சேலைத் தலைப்பால மூக்கைத் துடைச்சிக்கிட்டே அடுப்படிக்குப் போனேன். "ஆமாண்ணே, அவியளுக்கு ஒண்ணும் தெரியல. வெள்ளிக்கிழமையே வச்சிக்கிடு"ன்னு சொன்னது நான்தான். இந்த வாய்தான் சொல்லுச்சு.

மறுநாள் மில்லு ஃபிட்டர் அண்ணாச்சி ஒரு போர்டைத் துண்டுல சுத்தி, பச்சைப் பிள்ளையைத் தூக்கிட்டு வாரது மாதிரி கொண்டு வந்தாரு. நூல் நூக்குத பழைய மெஷினோட போர்டு. "எங்க கடைசி மெஷின் தங்கச்சி. இதை இரும்புக்குப் போடணும்னு மேல ஒரே பேச்சு. எப்படியாவது உசிரு குடுத்துரு"ன்னாரு.

அந்தக் காலத்துப் போர்டுல மூளை ஒரு சிப்பு, ஞாபகம் வேற ஒரு சிப்பு. ரெண்டையும் கம்பி வரிசை சேத்து வச்சிருக்கும். இதுல மூளை செத்துப்போச்சு, அந்த ரகம் இப்ப கிடைக்கவும் செய்யாது. ஞாபகச் சிப்பு மட்டும் பக்கத்துல பொத்தான் அளவு பேட்டரியைப் பிடிச்சிக்கிட்டு உசிரோட இருந்துச்சு. மெஷின் எந்த வேகத்துல ஓடணும், எவ்வளவு முறுக்கணும்ங்கிற கணக்கு பூரா அதுக்குள்ளதான் இருக்கு. மெஷின் செஞ்ச கம்பெனி மூடியாச்சு, எழுதி வச்ச தாளும் மில்லுல கிடையாது. பேட்டரி போனா எல்லாம் போச்சு. நான் செய்ய வேண்டியது என்னன்னா, செத்த மூளைக்குப் பதிலா புதுசா ஒரு மைக்ரோகண்ட்ரோலரை அந்தப் பழைய ஞாபகத்தோட கட்டி, உள்ள இருக்கதை ஒண்ணு விடாம படிக்கணும்.

எனக்கு அந்த மாதிரி ஞாபகச் சிப்பு மேல ஒரு பிரியம் உண்டு. இப்ப வாரது பலதுக்கும் தாளம் உண்டு. ஒரு கிளாக் தட்டிக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எட்டு வைக்கும். இதுக்குத் தாளம் கிடையாது. அசிங்க்ரனஸ்னு படிச்ச காலத்துல மனப்பாடம் பண்ணினோம். பதினஞ்சு கம்பியில ஒரு முகவரியை வச்சா, அது தன்பாட்டுக்கு உள்ள போயித் தேடி, கிடைச்சதை எட்டுக் கம்பியில கொண்டாந்து வைக்கும். வச்சிட்டேன், எடுத்துக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லாது. எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்குதவன்தான் தெரிஞ்சிக்கிட்டு நிக்கணும்.

திங்கக்கிழமை முழுக்க கம்பி ஓட்டினேன். முகவரிக்குப் பதினஞ்சு, தகவலுக்கு எட்டு. சிப்பை எழுப்புததுக்கு ஒண்ணு, படிக்கதுக்கு ஒண்ணு, எழுதுததுக்கு ஒண்ணு. எழுதுத காலை முதல்லயே ஒரு ரெசிஸ்டர் போட்டு மேல இழுத்துக் கட்டிட்டேன். அது தெரியாத்தனமா ஒரு தடவை கீழ இறங்குச்சுன்னா போதும், உள்ள இருக்க கணக்கு மேல கிறுக்கி வச்சிரும். படிக்குத காலைக் கீழயே இறக்கிக் கட்டிட்டேன், எப்பவும் திறந்தே கெடக்கட்டும்னு. பழசுக்கு அஞ்சு வோல்ட், புதுசுக்கு மூணு சொச்சம், அதனால நடுவுல ஒரு தரகன் சிப்பு. வேலை சுத்தம், அதுல என்னைக் குறை சொல்ல முடியாது. புதுசு பாக்கக் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், ஆனா ஒரு காரியத்தை முடிக்கப் பத்து நானோ செகண்ட்தான் எடுக்கும். நானோ செகண்ட்னா ஒரு செகண்டை நூறு கோடியாப் பங்கு வச்சதுல ஒரு பங்கு. என் குணத்துக்கு ஏத்த சிப்பு.

செவ்வாக்கிழமை படிக்க விட்டேன். கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள முப்பத்திரண்டாயிரம் சொச்சம் இடத்தையும் படிச்சித் தள்ளிருச்சு. சரியா இருக்கான்னு பாக்க அந்த மாதிரிச் சிப்புல ஒரு இடத்துல கூட்டுத்தொகை எழுதி வச்சிருப்பாவ. கூட்டிப் பாத்தா ஒத்து வரல. மறுபடி படிச்சேன். ஒத்து வரல. பத்துத் தடவை படிச்சேன். அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "ஞாபகம் போச்சு அண்ணாச்சி, இரும்புக்கே போடுங்க"ன்னுட்டேன்.

புதன்கிழமை காலையில அண்ணாச்சி ஓடி வந்துட்டாரு. மெஷின் ஓடுன காலத்துல திரையில வரிசையா என்னென்ன நம்பர் வரும்னு ஞாபகம் வச்சி, தீப்பெட்டி அட்டையில எழுதிக் கொண்டு வந்திருந்தாரு. மொதல்ல மெஷின் நம்பர் பன்னெண்டு. அடுத்து நூல் நம்பர் நாப்பது. அடுத்து இழுவை இருவத்தெட்டு. அடுத்து முறுக்கு இருவத்திநாலு. இது நாலும் ஒண்ணு பின்னால ஒண்ணா இருக்கணும்னாரு.

திரையில நான் படிச்சதைக் காட்டினேன். மெஷின் நம்பர்ங்கிற இடத்துல பூஜ்யம். நூல் நம்பர் பன்னெண்டு. இழுவை நாப்பது.

"பன்னெண்டாம் நம்பர் நூலா? அது சாக்குத் தைக்குத சணலுல்லா. நாங்க என்னைக்கு அதை ஓட்டுனோம்?"ன்னாரு.

"அதான் செத்துப்போச்சுன்னேன்."

"இன்னொரு தடவை பாரேன் தங்கச்சி."

எனக்குச் சுர்ருன்னு ஏறிட்டு. காலையில அய்யாவுக்கு உடம்பு துடைச்சி விட்டு, கஞ்சி குடுத்து, அண்ணனோட ஒரு பாட்டம் கத்திட்டு மேல வந்திருக்கேன். "நான் பொய்யா சொல்லுதேன்? வாங்க, ஒவ்வொண்ணா காட்டுதேன். கண்ணால பாத்துட்டுப் போங்க"ன்னு அவரைப் பக்கத்துல உக்கார வச்சி, சிப்பை ஓட விடாம, பொத்தானை அமுக்குனா ஒரு அடின்னு நடத்திக் காட்டினேன். அவருக்குப் பாடம் எடுக்கத்தான்.

முதல் இடத்தைக் கேட்டேன். பன்னெண்டு. ரெண்டாவது, நாப்பது. மூணாவது, இருவத்தெட்டு. அண்ணாச்சி அட்டையைப் பாத்துட்டு, "இருவத்திநாலு வரணும்"னாரு. பொத்தானை அமுக்கினேன். இருவத்திநாலு.

"அட! வருதுல்லா!"ன்னு அவரு துண்டை உதறித் தோள்ல போட்டாரு.

இதென்ன கூத்து? ஓட விட்டேன், எல்லாம் தப்பு. அடி அடியா நடத்தினேன், எல்லாம் சரி. ஓட விட்டா குப்பை, நடத்துனா தங்கம். கோவம் எங்க போச்சுன்னே தெரியல. அண்ணாச்சி போறேன்னு சொன்னதும் காதுல விழல. அவரு படியிறங்கினதை அரை மணி நேரம் கழிச்சித்தான் கவனிச்சேன்.

பெறகு சிப்பைத் துடைச்சி, லென்ஸ் வச்சி அது முதுகைப் பாத்தேன். பேருக்குப் பின்னால சின்னதா ஒரு கோடு, பதினஞ்சுன்னு ஒரு எண். அப்படின்னா நூத்தம்பது நானோ செகண்ட்னு அர்த்தம். முதல் வருசப் பிள்ளைக்குத் தெரியும். முகவரியை வச்ச பெறகு நூத்தம்பது நானோ செகண்ட் நில்லு, பெறகு படின்னு முதுகுலயே எழுதி ஒட்டிருக்கு. நான் பத்துல படிச்சிருக்கேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாவ, என் தலையில நானே ஒண்ணு போட்டேன்.

நிக்கச் சொல்லி நாலு வரி சேத்தேன். இருநூறே நிக்கட்டும்னு தாராளமாக் குடுத்தேன். கூட்டுத்தொகை அச்சா ஒத்து வந்துச்சு. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன், அந்தப் பக்கம் அவரு விசிலடிச்சாரு.

வேலை முடிஞ்சிட்டு. சாப்பிடப் போயிருக்கலாம். ஆனா ஒரு சந்தேகம் நோண்டிக்கிட்டே இருந்துச்சு. அவசரப்பட்டுப் படிச்சா ஏன் கண்டமேனிக்கு வரல? ஏன் ஒழுங்கா ஒரு இடம் தள்ளித் தள்ளி வந்துச்சு? தாள்ல அம்புக்குறி போட்டுப் பாத்தேன். புதுப் பதில் வந்து சேருத வரைக்கும் கம்பியில பழைய பதில்தான் நிக்கும். படிச்சதைக் குறிச்சி வச்சிட்டு நான் அடுத்ததைக் கேக்கப் போறதுக்குள்ள அது வந்து நின்னுரும். அதனால ரெண்டாவதைக் கேட்ட உடனே படிச்சா, அங்க நிக்கது முதல் கேள்விக்கு வந்த பதில். மூணாவதைக் கேட்டுப் படிச்சா, ரெண்டாவதோட பதில். ஒரு பதில்கூடப் பொய் இல்ல. எல்லாம் உண்மை, ஒரு கேள்வி பிந்தி வந்த உண்மை.

கடைசிக் கேள்விக்கு? அதைக் கேட்டேன், பழசைப் படிச்சேன், நிறுத்திட்டேன். அதோட பதில் பெறகு வந்து கம்பியில நின்னிருக்கும். எடுக்கத்தான் ஆள் இல்ல.

கையில பேனா அப்படியே நின்னுட்டு. பேரு கேட்டேன், ஒண்ணும் வரல. ஊரு கேட்டேன், பேரு வந்துச்சு. பிள்ளைய கேட்டேன், ஊரு வந்துச்சு. மாசம் கேட்டேன், ரெண்டு. ஏக்கர் கேட்டேன், பொரட்டாசி. நிலத்தைக் கேட்டேன், ஆறு.

ஐயோ, என் அய்யா!

அண்ணன் எனக்கு அந்த வீடியோவை அனுப்பியிருந்தான். நான் திறந்தே பாக்கல, பாக்க மனசு வரல. இப்ப திறந்தேன். கேள்வி பதில் எல்லாம் ஒண்ணரை நிமிசத்துல முடிஞ்சிருது. ஆனா வீடியோ அஞ்சு நிமிசம் இருந்துச்சு. அந்தக் கூறுகெட்டவன் நிறுத்தாமலே போனைச் சட்டைப் பையில போட்டிருக்கான். அதுக்குப் பெறகு திரை இருட்டு, சத்தம் மட்டும் வருது. நாற்காலி இழுபடுது. பாத்தியா போச்சுங்கான். வெள்ளிக்கிழமையே வச்சிக்கிடுன்னு என் குரல். மூக்கைச் சிந்துதேன். அடுப்படியில டம்ளர் உருளுது. நான் போனைக் காதோட வச்சி அழுத்திக்கிட்டேன்.

டம்ளர் சத்தத்துக்கு அடியில, தூரத்துல இருந்து வாரது மாதிரி, அய்யா குரல்.

"வெத... கெடக்குலா."

அடுத்து அண்ணன் தும்முதான். அதுக்கும் பெறகு, "உளுந்து."

அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஒம்பது தடவை கேட்டேன். படியில இறங்கி ஓடினேன், ரெண்டு படியை விட்டுட்டேன், விழுந்திருக்கணும். அய்யா தூங்கிட்டு இருந்தாவ. வாசல்ல உக்காந்திருந்த அண்ணன் காதுல போனை வச்சேன்.

கேட்டுட்டு, "வெதையா? என்ன வெத? அவிய எங்க வெதைச்சாவ? உழுது போட்டிருக்கு, நான் போயிப் பாத்தேன்லா"ன்னான்.

"நாளைக்கு நாம ரெண்டு பேரும் போறோம்"னேன்.

"ஏட்டி, அவியளுக்குப் புத்தி..."

"புத்தி நமக்குத்தான் இல்ல. முதல்ல பஸ் ஏறு, பெறகு பேசு."

வெளியூர்க்காரவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க கரிசல்ல மழைக்கு முந்தியே காய்ஞ்ச புழுதியில விதையை வீசி, மேல ஒரு உழவு ஓட்டி மூடிருவாவ. மழை வந்தா முளைக்கும். வாரது வரைக்கும் விதை மண்ணுக்குள்ள சும்மா கெடக்கும். விதைச்ச நிலமும் விதைக்காத நிலமும் மேல பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கும். அதுலயும் எங்க அய்யாவுக்கு ஒரு பழக்கம், முத மழை விழுத வரைக்கும் விதைச்சதை யார்கிட்டயும் சொல்ல மாட்டாவ. வாய்விட்டுச் சொன்னா மேகம் கேட்டுட்டுத் திரும்பிப் போயிருமாம். டிராக்டரும் மேற்க இருந்து சீசனுக்கு வந்த வாடகை வண்டி, ஓட்டி முடிச்சிட்டு அடுத்த ஊருக்குப் போயிருக்கும். விழுந்தவியளைப் பாத்த ஆட்டுக்காரர் மனுசரைத்தான் பாத்தாரு, மண்ணைப் பாக்கல.

வியாழக்கிழமை காலையில பக்கத்து வீட்டு அக்காவை அய்யாகிட்ட இருக்கச் சொல்லிட்டு, புதூர் பஸ்ஸுல போயி இறங்கி நடந்தோம். ரெண்டு பக்கமும் வேலிக்குள்ள சோலார் தகடு பளபளன்னு கண்ணைக் கூசுது. நடுவுல எங்க ஆறு ஏக்கர், கறுப்பா, பொறுபொறுன்னு. அண்ணன் வரப்புலயே நின்னுக்கிட்டான். நான் இறங்கிப் போயி அஞ்சாறு இடத்துல விரலை விட்டுப் பறபறன்னு கிண்டினேன். கட்டியும் புழுதியுந்தான் வந்துச்சு. உளுந்தும் கறுப்பு, மண்ணும் கறுப்பு, எங்கன போயித் தேட?

"வா, போவோம். வெயில் ஏறுது"ன்னான்.

நான் போகல. அப்படியே சம்மணம் போட்டு உக்காந்தேன். ரெண்டு கையாலயும் ஒரு பிடி மண்ணை அள்ளி மடியில வச்சி, விரலுக்கு நடுவுல கொஞ்சங் கொஞ்சமா நசுக்கினேன். கட்டி எல்லாம் உதிர்ந்துரும், உதிராதது என்னன்னு பாக்கணும். என் வாழ்நாள்ல நான் அவ்வளவு மெதுவா ஒரு காரியமும் செஞ்சதில்ல. மூணாவது பிடியில விரலுக்கு நடுவுல ஒண்ணு நசுங்காம உருண்டுச்சு. எச்சில் தொட்டுத் துடைச்சேன். கறுப்பு முத்து, ஓரத்துல வெள்ளையா ஒரு கீறல்.

"அண்ணே"ன்னு கூப்பிட்டுக் கையை நீட்டினேன். அவன் இறங்கி வந்தான். அதை என் உள்ளங்கையில பாத்தான். பெறகு அவனும் முழங்கால் போட்டு அள்ள ஆரம்பிச்சான். அள்ளுன இடத்துல எல்லாம் இருந்துச்சு. ஆறு ஏக்கர்லயும் வெதை கெடந்துச்சு.

"திங்கக்கிழமை இது மேல மெஷினை ஏத்திருப்பேனட்டி"ன்னு அண்ணன் புழுதியிலயே உக்காந்து அழுதான். வேட்டி எல்லாம் கரிசல். நானும் அழுதேன், அன்னைக்குக் கோவமா வரல, அழுகையாவே வந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சி அவன் போனை எடுத்து சோலார் ஆளுகிட்டப் பேசினான். "நாளைக்கு வராதீங்க. எங்க அய்யாவைக் கேட்டுத்தான் சொல்லணும்"னான்.

வீட்டுக்கு வரும்போது மத்தியானம் ஆயிட்டு. அய்யா முழிச்சிருந்தாவ. அண்ணன் கட்டில் ஓரத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தான். நான் அய்யாவோட இடது உள்ளங்கையை விரிச்சி, சேலைத் தலைப்புல முடிஞ்சு கொண்டு வந்த உளுந்து நாலை வச்சேன்.

"அய்யா, இது எப்ப வெதைச்சது?"

ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டு நாக்கைக் கடிச்சிக்கிட்டேன்.

அய்யா உளுந்தைப் பாத்தாவ. பெருவிரலால அதைத் தடவினாவ. நான் மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். அஞ்சு. ஆறு. ஃபேன் கிறீச்சுங்குது. பத்து. பக்கத்துல கடலை வறுக்குத சத்தம். பதினொண்ணு. எனக்கு நாக்கு அரிக்குது, "அய்யா, கேக்குதா?"ன்னு இன்னொரு தடவை கேக்கச் சொல்லி மனசு அடிச்சிக்கிடுது. அண்ணன் வாயைத் திறந்தான், நான் கண்ணை உருட்டினேன். பதினாறு. பதினேழு. அய்யாவோட உதடு கூடுச்சு.

"விழுந்த... அன்னைக்கு."

அண்ணன் முகத்தைத் துடைச்சிக்கிட்டான். "சரிய்யா, சரி. நீங்க படுங்க"ன்னு எந்திரிக்கப் போனான்.

நான் அவன் வேட்டி முனையைப் பிடிச்சி இழுத்து உக்கார வச்சேன். "இரு"ன்னேன். மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணினேன். அய்யா அண்ணனைப் பாத்தாவ, என்னைப் பாத்தாவ, உள்ளங்கையை மெதுவா மூடிக்கிட்டாவ.

"முடிச்சிட்டுத்தான்... விழுந்தேன்."